செண்பகவல்லியின் சாரல் மடல்

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எழுந்தார். மின்விசிறியைக் கூட்டினார். அதன் சத்தம் காதைக் குடைந்தது. குறைத்தார். வேர்த்தது. மறுபடியும் எழுந்தார்.

வெளியே ஆடிக் காற்று கோவில்பட்டிப் புழுதியையெல்லாம் வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. சாரல் மேற்கே தென்காசியோடு நின்றுவிடும். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

திரையில் இரண்டே வரி.

'அன்புத் தோழிகளே, எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் செண்பகவல்லி சாரல் காலத்து மடலோடு வந்திருக்கிறேன்.'

செண்பகவல்லி அவர் மனைவி.

எழுதுவது அவர்.

காதல் கதைக்குப் பெண் பெயர் இருந்தால்தான் ஓடும் என்று பதிப்பாளர் முதல் நாவலின்போதே சொல்லிவிட்டார். கையெட்டும் தூரத்தில் ஒரு பெயர் இருந்தது. போட்டுக்கொண்டார். பின்னட்டையில் அவள் படம். வாசகிகள் கூப்பிடுவதும் அவள் எண்ணுக்குத்தான். ஹீரோவை ஏன் இப்படி அழவிடுகிறீர்கள் அக்கா என்று யாராவது சண்டைக்கு வந்தால், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சமாதானம் சொல்வாள். ஒரு நாவலையும் அவள் முழுதாகப் படித்ததில்லை.

வாசகிகளுக்கு இணையத்தில் பருவத்துக்கு ஒரு மடல். போன ஊர், எழுதுகிற கதை, வீட்டுச் சமாசாரம். அவள் வாய் ஓயாமல் சொல்வாள். அவர் அள்ளிப் போடுவார்.

இந்தத் தடவை சொல்ல அவள் இல்லை.

தென்காசியில் அக்கா வீட்டில் இருக்கிறாள். சித்திரையில் போனவள். திரும்பி வருவாளா மாட்டாளா, தெரியவில்லை. அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது.

பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஒருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனார். டீ குடித்தார். தென்காசி வண்டி அவர் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. இன்னொரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கேஸ் சிலிண்டர் வந்தால் சொல்ல வேண்டிய எண் அவள் போனுக்குத்தான் வரும். அதை வாங்குவதற்கு மட்டும் பேசிக்கொள்வார்கள். போன தடவை எண்ணைச் சொல்லி முடித்ததும், சாரல் மடலுக்கு ஏதாவது சொல்லேன் என்று கேட்டுப் பார்த்தார். அவள் போனை வைத்துவிட்டாள்.

கோடை மடல்தான் குடியைக் கெடுத்தது.

பங்குனியில் அவள் அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசியாக அவள் ஊற்றிய பால் உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்ததையும், அதை முந்தானையால் துடைத்ததையும், துடைத்த சேலையைத் துவைக்க மனசு வராமல் மடித்து வைத்திருப்பதையும் அவள் அவரிடம் மட்டும்தான் சொன்னாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவர் எழுதிவிட்டார். ஒரு சொல் சிந்தாமல். நன்றாக வேறு வந்திருந்தது, பாவி மனுஷன்.

ஊர் உலகமே அவளுக்கு ஆறுதல் சொன்னது. மலேசியாவிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே பேசி அனுப்பினாள். அவர் பொழுதன்றைக்கும் உட்கார்ந்து ஒவ்வொருத்திக்கும் நன்றி தட்டிக்கொண்டிருந்தார்.

அவள் அடுத்த அறையில் இருந்தாள்.

சாயங்காலம் போனை எடுத்துப் பார்த்தாள். பையில் துணியை அடுக்கினாள்.

இப்போது அவர் மறுபடி உட்கார்ந்தார். தட்ட ஆரம்பித்தார்.

'குற்றாலம் போனேன். ஐந்தருவியில் தலையைக் கொடுத்துச் சளி பிடித்ததுதான் மிச்சம்.' போனாளோ என்னவோ.

'கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.' கதாநாயகன் வாரக்கணக்காகக் கதாநாயகி வீட்டு வாசலில் நிற்கிறான். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான், கழுதை.

'இந்த வருஷம் மாங்காய் ஊறுகாய் அமர்க்களமாக வந்திருக்கிறது.' ஜாடி அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு விரல் அதன் போக்கில் ஓடியது.

'நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். என்ன இருந்தாலும் நம்ம வீடு மாதிரி வருமா?'

படித்துப் பார்த்தார். அழிக்க வேண்டும் என்று தெரிந்தது.

போட்டுவிட்டார்.

வாங்க அக்கா, வாங்க அக்கா என்று ஒரே கூட்டம். மாமா இனிமேல் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவார் என்று ஒருத்தி கேலி செய்திருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

பார்த்த பிறகு வெட்கமாகப் போயிற்று.

போன் அடித்தது. அவள்தான். தேனி வாசகி ஒருத்தி அவளைக் கூப்பிட்டு, நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தீர்களா என்று விசாரித்தாளாம்.

"என்னைய வீட்டுக்குக் கூட்டியாந்துட்டீகளாம்ல," என்றாள். "யாரக் கேட்டு?"

கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. களைத்துப்போன குரல்.

அவருடைய கதாநாயகர்கள் இத்தனை வருஷமாகப் பேசிய வசனமெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. நீ இல்லாத வீடு வீடே இல்லை, அந்த ரகம். எல்லாம் விற்றுத் தீர்ந்த சரக்கு. அவளிடம் அதில் ஒன்றைச் சொல்ல அவருக்குக் கூசியது.

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் போனை வைக்கவில்லை. வைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பதறியது.

"இப்பக் கேக்கட்டா?" என்றார்.

சொன்னது அவர் காதிலேயே சரியாக விழவில்லை.



"அக்கா," என்றாள், போனை விட்டுத் திரும்பி. "அந்த மிக்சியக் கொஞ்சம் நிறுத்து."