ஆபத்தில்லாத மெஷின்

“ஆபத்தில்லாததாப் பாத்து ஒண்ணு குடுங்க,” என்றாள் மாரக்காள். “எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாது.”

சேந்தமங்கலத்தில் தண்ணீர் மோட்டாரும் மருந்தடிக்கிற டேங்கும் விற்கும் கடை அது. கடைக்காரர் சரவணமுத்து மரம் அறுக்கிற செயின்சா மெஷின் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“என்ன மரமுங்க அக்கா?”

“வேம்பு. ஒரே ஒரு கொம்புதானுங்க. மாட்டுக் கொட்டாய் மேல சாஞ்சு கெடக்குது. ஆடிக் காத்துக்கு முன்னால எடுத்துரோணும். அப்புறம் எப்பவாச்சும் வெறகு அறுக்கறதுக்கு ஆகும்.”

“அப்ப இந்தக் கரண்ட் மெஷினே போதும். கை நோவாது. பட்டனை விட்டா நின்னுக்கும். ஒயரு எட்டாதுன்னா பேட்டரியில இது இருக்குது, சின்னக் கிளை கழிக்கலாம்.” மூன்றாவதை விரலால் தட்டினார். “இது பெட்ரோல். தெனமும் மரம் அறுக்கறவனுக்குத்தான் இது சரி. எப்பவோ ஒரு நா எடுக்கறவன் கையில குடுத்தா, அது அவனை ஆட்டி வெச்சுரும்.”

“தப்பாப் புடிச்சா என்னாகுமுங்க?”

கேட்கிற ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சரவணமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பிளேடு நுனி மரத்துல படக் கூடாதுங்க. பட்டா எகிறி மூஞ்சிக்கே வரும். தோளுக்கு மேல தூக்கி அறுக்கக் கூடாது. இதைப் புடிச்சுக்கிட்டு ஏணியில மட்டும் ஏறவே கூடாது. போன வருசம் ஒருத்தரு இப்படித்தான் ஏறுனாரு. கொம்பும் அவரும் மெஷினும் ஒண்ணா வந்து உளுந்தாங்க.”

“பொழச்சாருங்களா?”

“எங்கீங்க பொழைக்கறது.”

நுனி படக் கூடாது, தோளுக்கு மேல ஆகாது, ஏணி ஆகவே ஆகாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல மாரக்காள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சரவணமுத்துவுக்கு மனசு இளகிவிட்டது. புருஷன்மேல் இவ்வளவு அக்கறையா என்று நினைத்தார். நீங்களும் நானும் அங்கே நின்றிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம், கண்ணுகளா.

“எதுக்கும் அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனுங்க.”

பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற ஆயில் பாட்டில் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவள் போன் போட்டாள்.

“ஏனுங்க, கடையில நிக்கறேன். கரண்ட் மெஷின் சின்னதே நமக்குப் போதும்னு எனக்குத் தோணுதுங்க.”

புருஷன் மருதாசலத்தின் குரல் கடை வாசல்வரை கேட்டது. இருபது வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் கத்திப் பழகிய தொண்டை. “உனக்கு என்னடி தோணறது? பூமியையே ஓட்டை போட்டவன் நானு. பொம்பளை மெஷினைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதா? பெட்ரோல்ல இருக்கறதுலயே பெருசா எடுத்துட்டு வா.”

“சரிங்க.”

சரவணமுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “என்னக்கா இப்படிச் சொல்றாரு?”

“எப்பவுமே அப்படித்தானுங்க. நான் கெழக்கன்னா அவரு மேக்கு. கொடையை எடுத்துக்கங்கன்னா நனைஞ்சுக்கிட்டே போவாரு. சக்கரை மாத்திரையை நிறுத்திறாதீங்கன்னு சொன்னேன். அன்னிக்கே கொண்டு போயிச் சாக்கடையில வீசிட்டு வந்தாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பெரிய மெஷினைப் பைக்குள் வைக்க அவள் கை நீட்டியபோது, மணிக்கட்டைச் சுற்றித் தோல் சுருங்கிப் பளபளத்தது.

“கையில என்னங்க அக்கா?”

“கஞ்சி ஊத்திருச்சுங்க.” முந்தானையை இழுத்து மூடினாள்.

“போனைப் போட்டு என்கிட்டக் குடுங்க. இந்த மூணு விசயத்தையும் நானே அவருக்குச் சொல்லீர்றேன். கடைக்காரன் சொன்னா மண்டையில ஏறும்.”

மாரக்காள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “வேண்டாமுங்க. நானே சொல்லிக்கறேன்.”

கண்ணுக்கு வலை வைத்த தலைக்கவசம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

வீட்டில் மருதாசலம் கொட்டாய்க்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மாரக்காள் முதலில் தலைக்கவசத்தை நீட்டினாள். “மறக்காம இதைப் போட்டுக்கங்க.”

“கோழிக்கு மாட்டி உடு,” என்று அதைக் கோழிக்கூட்டின் மேல் வீசினான்.

பிறகு மெஷினைத் தூக்கினான். கனத்தது. வேப்பங்கொம்பை அண்ணாந்து பார்த்தான். இரண்டு ஆள் உயரம் இருந்தது. கொட்டாய்ச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மெஷினை மெதுவாகக் கீழே வைத்தான்.

“ஒசரமாத்தான் இருக்குது. தேங்கா போடற செங்கோடனை நாளைக்கி வரச்சொல்லு. அவன் ஏறி அறுக்கட்டும்.”

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் புத்தியான பேச்சு அது.

மாரக்காள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். ‘கஞ்சி கொதிக்குதுங்க, பாத்து’ என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான், சட்டியோடு தூக்கி அந்தக் கைமேல் அவன் கவிழ்த்தான்.

சுவரோரம் இருந்த ஏணியை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் புருஷனிடம், ரொம்பவும் பிரியமாகச் சொன்னாள்.

“அதுதாங்க நல்லது. நீங்க மட்டும் ஏணியில ஏறிறாதீங்க.”