மகாராணியின் துக்கம்

"அண்ணியை நினைச்சு உருகுறது இந்த வீட்டுல மகாராணி ஒருத்திதான்," என்றாள் தங்கை அண்ணனிடம். கூண்டின் அடித்தட்டைத் துடைத்த அவள் கை நிறையச் சாம்பல் நிற இறகுகள்.

மகாராணி என்பது அவருடைய மனைவி செல்லம் கொடுத்து வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. மனைவி இறந்த கொஞ்ச நாளில் அது தன் இறகுகளைத் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தது. இப்போது கழுத்துக்குக் கீழே, சமையலுக்குத் தயாரான கோழி மாதிரி வெறும் தோல்தான் இருந்தது.

"நீயும் இருக்கியே! ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா அண்ணா? மறுநாளே ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிட்டே. அந்தத் தாடியையாவது எடுத்துத் தொலை. ஆடு மேய்ஞ்ச மாதிரி அங்கங்க சொட்டையா இருக்கு."

அவள் சொல்வது சரி என்றே அவருக்குப் பட்டது. மரத்துப் போன காலைக் கிள்ளினால் உறைக்காதே, அவருக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. லிஃப்ட் மேலே போனது, கீழே வந்தது. அவரும் கூடவே போய் வந்தார்.

வேலை முடிந்து வந்தால் கூண்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். டிவி அது பாட்டுக்கு ஓடும். என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கிளி மட்டும் அவரைப் பார்த்தபடி ஒவ்வோர் இறகாகப் பிடுங்கிக்கொண்டிருக்கும்.

"டாக்டரம்மாகிட்ட நான்தான் தூக்கிட்டுப் போனேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்," என்றாள் தங்கை. "வெறும் சூரியகாந்தி விதையைப் போட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்னு கேக்கறாங்க. காய், பழம் கொடுக்கணுமாம். சும்மா வெச்சா தொடாதாம். நீ அது எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக் காட்டணும். அதுக்கு இப்ப கூட்டம்னா நீதானாம். கூட்டம் என்ன செய்யுதோ, அதைத்தான் அதுவும் செய்யுமாம்."

"ம்."

"என்ன ம்? தோல் கிழிஞ்சு ரத்தம் வர்ற வரைக்கும் நான் பாத்துட்டு இருக்க மாட்டேன். சரியாகலைன்னா, பறவை வளர்க்கிறாளே என் சிநேகிதி, அவகிட்ட கொடுத்துடுவேன்."

கிளியும் போய்விட்டால் இந்த வீட்டில் மனைவியின் குரலில் கூப்பிட எதுவும் மிஞ்சாது. அது அவருக்குத் தெரிந்தது. பயமாகக்கூட இல்லை. தெரிந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே சிவப்புக் குடமிளகாயை நறுக்கிக்கொண்டு கூண்டின் முன் உட்கார்ந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவி கெஞ்சியும் கொஞ்சியும் அவர் வாய்க்குள் போகாத காய் அது. கடித்தார். ருசி ஒன்றும் தெரியவில்லை. "நல்லா இருக்கு, மகாராணி," என்று அதனிடம் பொய் சொன்னார்.

மகாராணி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் கேரட்டுக்கும் அதே மரியாதை. பட்டாணியை அலகால் தட்டி அவர் மேலேயே விட்டெறிந்தது. கிளிக்காக அவர் தின்று தீர்த்த காய்கறியைப் பார்த்திருந்தால், மனைவி எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

பிறகு ஒருநாள், அவர் பாதி கடித்து வைத்த குடமிளகாய்த் துண்டை அது காலால் பிடித்தது. புரட்டிப் பார்த்தது. கீழே போட்டது. மறுபடி எடுத்து, அவரைப் பார்த்துக்கொண்டே மென்றது.

"அண்ணா, சாப்பிடுது! சாப்பிடுது!" தங்கை குதித்தாள். அவள் கண்ணில் தண்ணீர். தனக்கும் ஏதாவது தோன்றும் என்று அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். தோன்றவில்லை. இன்னொரு துண்டை நீட்டினார்.

அதற்குப் பிறகு கேரட், பட்டாணி எதையும் மகாராணி விட்டுவைக்கவில்லை. ஆனால் கூண்டின் அடித்தட்டில் இறகு விழுவது மட்டும் நிற்கவே இல்லை. தங்கை சிநேகிதிக்கு போன் செய்துவிட்டாள். போகிற வழியில் கடைசியாக ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டரம்மா கிளியை எடை போட்டார். கண்ணைப் பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார். "நல்லா தேறியிருக்கே! உடம்புல ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் ஏன் டாக்டர் இன்னும் பிடுங்கிக்குது? எங்க அண்ணி போன துக்கத்துல மருகுதுன்னு நினைக்கிறேன். சிநேகிதி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூண்டோட வந்துட்டேன்."

டாக்டரம்மா கிளியைக் கொண்டுபோய் மேசை மேல், அண்ணனுக்கு நேரே விட்டார். அவர் எப்போதும்போல உட்கார்ந்திருந்தார்.

மகாராணி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தது. பிறகு தலை குனிந்து, நெஞ்சிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி மேசை மேல் போட்டது.

"பாருங்க டாக்டர்!" என்று தங்கை பதறினாள்.

டாக்டரம்மா கிளியைப் பார்க்கவே இல்லை. "துக்கம் அதுக்கு இல்லம்மா," என்றார் தங்கையிடம். "சாப்பிடக் கத்துக்கொடுத்தவர்கிட்டதான் இதையும் கத்துக்கிட்டிருக்கு."

பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்:

"சார், தாடியிலேருந்து கையை எடுங்க."