கூவினால் திரும்பணும்

வெள்ளைக்காரர்கள் கார்னர் அடிக்கப் பந்தை வைத்த நேரம் பார்த்து, கேலரியில் கபிரியேல் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து நீளமாக ஒரு கூவல் விட்டார்.

திருவனந்தபுரம் மைதானமே அவரைத் திரும்பிப் பார்த்தது. கீழே நின்ற இந்தியாவின் கோல்கீப்பர் மட்டும் திரும்பவில்லை.

"ஓய், வெள்ளைக்காரனுக்க ஆளா நீரு? இரியும்வே," என்று பக்கத்திலிருந்த செல்வதாஸ் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார். மார்த்தாண்டத்தில் ரப்பர் வியாபாரம் செய்கிறவர். ஐரோப்பாவிலிருந்து ஒரு கிளப் வந்து நம் நாட்டு அணியோடு ஆடுகிறது என்று கேள்விப்பட்டுச் சொந்தக் காரில் வந்திருந்தார். நம் பையனைக் கலைப்பதற்கென்றே யாரோ ஏவிவிட்ட கிழவன் இது என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

பந்து கோல் முகத்தில் வந்து இறங்கியது. கீப்பர் கூட்டத்துக்கு மேலே எழும்பி, முஷ்டியால் குத்தி அதைத் தூரத் தள்ளினான். கேலரி குதித்தது. கபிரியேல் மட்டும் பந்து போன திசையைக்கூடப் பார்க்கவில்லை.

"அது எனக்க மவனாக்கும்," என்றார்.

செல்வதாஸ் வேட்டியை விட்டுவிட்டார்.

இனயம் பக்கத்துக் கடற்கரையில் கபிரியேல் வீட்டுக் கூவல் தனியாகத் தெரியும். கரையிலிருந்து அது கேட்டால், கட்டுமரத்தில் இருப்பவன் கையில் என்ன வேலை இருந்தாலும் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் உறவு அறுந்தது என்று பொருள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அலை கட்டுமரத்தைப் புரட்டிப் போட்ட அன்று அவர் கரையில்தான் நின்றார். மூத்தவன் சிலுவைதாசனுக்கு மரம் மண்டையில் அடித்துவிட்டது. இளையவன் கிளீட்டஸ் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மிதந்ததை ஊரே பார்த்தது. தொண்டை கிழியக் கூவிக்கொண்டு கபிரியேல் தண்ணீரில் இறங்கினார். கரையேறியது கிளீட்டஸ் மட்டும்.

மூத்தவனுக்கான பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் மகனிடம் கேட்டார். "அண்ணனுக்க கைய ஏம்லே விட்ட?"

அவன் வாசலிலிருந்து இறங்கி நடந்தான். அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டான். பட்டாளத்தில் சேர்ந்ததும், பந்தாட்டத்தில் பெயர் எடுத்ததும் பேப்பர் படிக்கிறவர்கள் சொல்லித்தான் கபிரியேலுக்குத் தெரியும். மனைவியும் கண்மூடிய பிறகு, காலையில் வைத்த கஞ்சியை ராத்திரியும் அவரே குடித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. வீட்டில் அவர் குரலைக் கேட்க ஓர் ஆள் இல்லை.

மகன் தன்னோடு பேச வேண்டும் என்றுகூட அவர் வரவில்லை. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும், அதற்காகத்தான் வந்தேன் என்று செல்வதாஸிடம் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"திரும்பல்ல. தீந்துது."

ஆட்டம் முடியட்டும், தன் காரிலேயே போகலாம் என்று செல்வதாஸ் எவ்வளவோ சொன்னார். கபிரியேல் கேட்கவில்லை. மார்த்தாண்டத்தில் ஊர்ப்பக்கம் போகிற கருங்கல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் கேலரி ஊளையிட்டது. பந்தைத் தரையில் வைத்த கீப்பர் அதை அடிக்காமல் நின்றுகொண்டிருந்தான். நடுவர் இரண்டாவது தடவையும் விசில் ஊத வேண்டியிருந்தது.

மார்த்தாண்டம் வந்து சேர்ந்தபோது கடைகளில் விளக்கேற்றிவிட்டார்கள். கருங்கல் பஸ் இன்னும் புறப்படவில்லை. கபிரியேல் ஒரு சாயா வாங்கிக்கொண்டு தள்ளி நின்றார். பின்னால் வந்த பஸ்ஸில் இறங்கியவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லையாம். கோல்கீப்பர் பயல்தான் மானத்தைக் காப்பாற்றினானாம். அவன் நம்ம கடற்கரைக்காரனாம். அவனைப் பெற்றவன் கொடுத்து வைத்தவன் என்று ஒருவர் சொன்னார். கபிரியேல் பாதிச் சாயாவோடு கிளாஸைக் கீழே வைத்தார்.

அப்போது செல்வதாஸின் கார் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. இன்னொரு கதவைத் திறந்துகொண்டு கிளீட்டஸ் இறங்கினான். முழங்காலில் மைதானத்து மண் அப்படியே இருந்தது.

ஓடி வந்தவன் நெருங்கியதும் நின்றுவிட்டான். இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது.

"நான் கூவினது கேட்டுதா மக்களே?"

"கேட்டுது."

"பின்ன ஏன் திரும்பல்ல?"

"பந்துலேந்து கண்ண எடுத்தா கோல் விழுந்திரும், அப்பா."

பந்தாட்டக்காரன் சொல்கிற சமாதானமாகத்தான் அது கபிரியேலுக்குப் பட்டது. "கடல்ல மட்டும் அலை நமக்காவ நிக்குமாலே? மரம் முங்கினாலும் நம்ம பயலுவ திரும்புவானுவ. அப்பனுக்க கூவலுக்குத் திரும்பாதவன் நீ ஒருத்தன்தான்."

கிளீட்டஸ் தலையைக் குனிந்துகொண்டான். கருங்கல் பஸ் ஹாரன் அடித்தது. இனி ஒன்றும் இல்லை என்பதுபோல் கபிரியேல் நடந்துபோய்ப் படியில் கால் வைத்தார்.

ஊரைவிட்டுப் போயும் சொல்லாமல் வைத்திருந்ததை, அவன் அந்த முதுகைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்கு நீங்க கூவினதும் திரும்பினேன், அப்பா. அப்பந்தான் அண்ணனுக்க கை நழுவிச்சு."