திறந்திருந்த கோட்டை

“வாங்க தம்பி, கதவு திறந்துதான் இருக்கு. ஆனா வாசல்லயே நின்னு பேசுங்க, அதுதான் நல்லது.”

நான்கு மாடி ஏறி மூச்சிரைக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பூட்டிய கதவையும் அதன் பின்னால் ஓர் அழுகுரலையும் எதிர்பார்த்து வந்தவர் அவர். இங்கோ வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளறைகளும் அப்படியே. பட்டப்பகலில் அத்தனை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. முன்னறையின் நடுவே ஒரு தையற்காரி, மெஷினைச் சாவகாசமாக மிதித்தபடி, ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் சில நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

அந்தக் கட்டடத்தில் எஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான். கட்டடத்தை இடிக்க வாங்கிய நிறுவனம் மற்ற குடித்தனங்களையெல்லாம் கிளப்பிவிட்டது. நிறுவனத்தின் முதலாளிக்குப் பழைய சீனத்துப் போர்த்தந்திரங்களின் மேல் தீராத மோகம். திங்கட்கிழமைதோறும் ஊழியர்களை உட்காரவைத்து வகுப்பெடுப்பார். முற்றுகைப் பாடம் நடந்த வாரம் இந்தக் கட்டடத்தின் தண்ணீர் நின்றது. அடுத்த வாரம் லிஃப்ட் நின்றது. வகுப்பில் முதல் மாணவர் இப்போது வாசலில் நிற்கும் இவர்தான். அதனாலேயே அலுவலகத்தில் இவருக்கு ‘வியூகம்’ என்று பெயர்.

இவருக்கு முன் இங்கே அனுப்பப்பட்டவர்கள் ஒருவரும் அலுவலகம் திரும்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடிவிட்டார்கள் என்பது முதலாளியின் கணிப்பு.

“கோழைப் பசங்க! நீங்களாவது சாவியோட வாங்க. வெறுங்கையோட வந்தீங்கன்னா, நாளையிலேர்ந்து வர வேணாம்” என்று சொல்லியிருந்தார். வியூகத்தின் மனைவியும், “இந்த வேலையும் போச்சுன்னா, உங்க வியூகத்தைத்தான் உலையில போடணும்” என்று வாழ்த்தியனுப்பியிருந்தாள்.

“சாவி வேணும்மா. நாளைக்குக் காலைல இடிக்கிற வண்டி வருது.”

“அப்படியா?” அவள் தையலை நிறுத்தவில்லை. காலி நாற்காலிகளின் பக்கம் திரும்பி, “சார், அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க. தம்பி பாவம், வேர்த்து ஊத்த வந்திருக்காரு” என்றாள்.

யாரும் எழவில்லை. ஆனால் மின்விசிறி சற்று வேகமாகச் சுற்றத் தொடங்கியது. மின்னழுத்தம் ஏறியிறங்கும் பழைய கட்டடம் என்று வியூகம் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“யார்கிட்டம்மா பேசறீங்க?”

“எல்லாம் நம்ம ஆளுங்கதான். உள்ளயும் இருக்காங்க.”

வியூகம் வாய்விட்டுச் சிரித்தார். “இதெல்லாம் எங்களுக்கு முதல் பாடம்மா! சீனாவுல ஒரு பழைய கதை. கோட்டைக்குள்ள படையே கிடையாது. எதிரி வாசலுக்கே வந்துட்டான். தளபதி என்ன பண்ணான்? கதவையெல்லாம் திறந்து போட்டுட்டு, மேல உட்கார்ந்து யாழ் வாசிச்சான். உள்ள ஏதோ சூழ்ச்சி இருக்குன்னு பயந்து எதிரி திரும்பிப் போயிட்டான். நீங்க யாழுக்குப் பதிலா மெஷின் வாசிக்கறீங்க, அவ்வளவுதான்!”

“வர்றவங்க எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்றாங்க” என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

“சொல்லிட்டு?”

“நேரா உள்ள போய்ப் பார்க்கறாங்க. வேணாம்னு எவ்வளவோ சொல்றேன், யாரு கேக்கறா?”

இவர் மட்டும் கேட்பாரா? வாசற்படியைத் தாண்டினார். காதில் பஞ்சை அடைத்தாற்போலத் தெருவின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே நடந்தார். படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். சமையலறையிலும் குளியலறையிலும் கதவுகளுக்குப் பின்னால் பார்த்தார். எங்கும் ஆளில்லை. ஆனால் அவர் நுழைந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு கூட்டத்தின் அமைதி ஒவ்வோர் அறையிலும் இருந்தது. வேகமாக முன்னறைக்கு வந்தார்.

“ஒரு ஈ காக்கா இல்ல! கோட்டை காலிம்மா!”

“சரி தம்பி. நீங்க ஜெயிச்சுட்டீங்க.” அவள் குரலில் தோற்றவளின் வருத்தம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. “சாவி அந்த ஆணியில தொங்குது. இனி என்ன அவசரம்? உட்காருங்க.”

சாவி எங்கே ஓடிவிடப் போகிறது? நாற்காலியில் சாய்ந்தமர்ந்து முதலாளியை அழைத்தார். மறுமுனையில் முதலாளி, “ஹலோ... யாரு? ஹலோ!” என்று கத்திவிட்டுத் துண்டித்தார். சிக்னல் சரியில்லை போலும்.

அப்போது படிகளில் காலடியோசை கேட்டது. திங்கட்கிழமை வகுப்பில் அவருக்குப் பின் வரிசையில் உட்காரும் பெண், மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

“நீ எதுக்கும்மா வந்தே? நான்தான் முடிச்சுட்டேனே!” என்றார் வியூகம். அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

“கண்ணு, அங்கயே நின்னுக்கோ. உள்ள மட்டும் வராதே” என்று தையற்காரி மன்றாடினாள். பிறகு வியூகத்தைப் பார்த்து, “தம்பி, நீங்களாவது சொல்லுங்களேன்” என்றாள்.

அந்தப் பெண் அவர் அமர்ந்திருந்த நாற்காலியை உற்றுப் பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

“காலி நாற்காலிகிட்ட பேசினா நான் பயந்துடுவேனா? இந்தத் தந்திரமெல்லாம் எங்களுக்குத் தெரியும்மா. போன மாசம் வந்த எங்க வியூகம் சார் வேணா ஓடிப் போயிருக்கலாம். நான் ஓட மாட்டேன்!”

அவள் வாசற்படிக்கு இப்பால் காலெடுத்து வைத்தாள்.

“வராதே!” என்று வியூகம் அலறினார்.

“விடுங்க சார், அவங்களுக்குக் கேக்காது” என்றது பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல். “கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, இவங்களுக்கும் இடம் வேணும்ல?”