காதி சோப்பும் கம்பெனி மருந்தும்

"பொண்டாட்டிக்குத் தெரியாம மருந்த மாத்தி வெச்சிட்டேன்" என்றான் தணிகாசலம், கருவேப்பிலைத் தொகையலில் சோற்றைப் பிசைந்துகொண்டே.

தேர்வாய் கண்டிகை தொழிற்சாலை கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த பீட்டருக்குத் தூக்கிய கை அப்படியே நின்றது. "யோவ், இன்னாய்யா சொல்ற?"

"அவளுக்கு இல்லய்யா, செடிக்கு! ஊட்டாண்ட கருவேப்பிலச் செடி பூரா மாவுப் பூச்சி. சுமலதா காதி சோப்பக் கரச்சி அடிச்சிக்கினு கீறா. பூச்சிக்கு இன்னா, தீபாவளிக் குளியலா?"

பெண்டாட்டி செய்கிற எதையும் மட்டம் தட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இந்தச் சோப்புக்காக வீட்டில் பெரிய சண்டையே நடந்திருந்தது.

"அதான், ஸ்பிரேயர்ல இருந்த சோப்புத் தண்ணியக் கொட்டிட்டு கம்பெனி மருந்த ஊத்தி வெச்சேன். காலைல தெரியாம அவளே அடிக்கிறா. எல மேல இன்னா நுர தெரியுமா! அதான்யா மருந்து. பூச்சி மொத்தமும் காலி. இவ என்னடான்னா, எல்லாம் என் சோப்புதான்னு தெருவெல்லாம் பீத்திக்கினு கீறா. லூசு."

"அந்த எலயப் பறிச்சி ஆக்கிடப் போறாய்யா."

"பூச்சி புடிச்ச எலய எவ தொடுவா? மருந்து அடங்குற வரைக்கும் கிள்ளாதேன்னு கடக்காரன் சொன்னான். கட்டு கட்டா சந்தைல வாங்கிப் போட்டுட்டேன். இந்தத் தொகையல்கூட அதுல அரச்சதுதான்."

செல்போன் அடித்தது. சுமலதா. "சோப்பு புராணம் பாடுவா, கேளு" என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"இன்னாய்யா, தொகையல் எப்டிக்குது?"

"சூப்பர்."

"நம்ம செடி எலதான். ஒரு தபா அலசிட்டு அரச்சேன். பூமிகா ஸ்கூல் டப்பாலயும் அதான் வெச்சிக்கிறேன்."

தணிகாசலத்தின் டப்பா காலியாக இருந்தது. தொண்டைக்குள் விரலை விட்டான், ஒன்றும் வரவில்லை. "வண்டியக் கூப்புடுங்கடா!" என்று பீட்டர் கத்த, கேன்டீனே எழுந்து நின்றது.

"கொழந்தையக் கொன்ட்டியேடி!" தணிகாசலம் அழுதேவிட்டான். "ஸ்கூலுக்கு ஓடுடி! நீ அடிச்சது சோப்பு இல்ல, வெஷம்! உனக்குத் தெரியாம நான்தான்டி மாத்தி வெச்சேன்!"

மறுமுனையில் சுமலதா கொஞ்சமும் பதறவில்லை.

"உன் வாயால வரட்டும்னுதான்யா இருந்தேன். ஸ்பிரேயர் மூடியத் தொறந்ததுமே மருந்து நாத்தம் கொடலப் பொரட்டிச்சி. அத அப்பவே குழி வெட்டிக் கொட்டிட்டு, சோப்பத்தான்யா கரச்சி அடிச்சேன்!"