ஒரு டயருக்கு ஒரு பழம்

செங்கோடனின் வண்டியில் வெடித்த டயரைக் கழற்றிப் புது டயரை மாட்டிய கடைக்காரன் அன்வர், எட்ட நின்று பார்த்துச் சிரித்தான். "மூணு வழுக்கைத் தலைக்கு நடுவுல ஒருத்தனுக்கு மட்டும் சுருட்டை முடி வெச்ச மாதிரி இருக்குண்ணே. மிச்ச மூணையும் மாத்தாம மலையேறாதீங்க." ஏறாமல் முடியாது. மலைமேல் பள்ளிக்கூடத்தில் செங்கோடனின் மகள் டீச்சர் வேலைக்குச் சேர இன்றுதான் கடைசி நாள். இந்த ஒரு டயருக்கு அவன் பேரம் பேசிய நேரத்தில் பஸ்ஸும் போய்விட்டது. விலை இறங்கவில்லை, புது டயருக்கடியில் வைத்து நசுக்க ஓர் எலுமிச்சம்பழம்தான் இனாமாகக் கிடைத்தது. "இன்னும் மூணு குடுப்பா." "புதுசுக்குத்தாண்ணே பழம். பழசுக்கு யாராவது வைப்பாங்களா?" செங்கோடன் பழத்தோடு வண்டியைச் சுற்றி வந்தான். மூன்று டயரிலும் நூல் தெரிந்தது. ஒவ்வொன்றிடமும் குனிந்து குனிந்து நிமிர்ந்தவன், கடைசியில் பழத்தை ஜன்னல் வழியாக மகளிடம் நீட்டினான். "மடியில வெச்சுக்கம்மா." அவள் முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். "வளைவுல வாந்தி வராம இருக்கவாப்பா?" "ஆமாம்மா," என்று சாவியைத் திருகினான்.