மீட்டர் ஓடாத ஆட்டோ

“போவும்வே! குறுக்க ஒரு நாய்கூட இல்ல, போவும்!”

“செவப்பு விழுந்திருக்கு பாய், செவப்பு...”

“செவப்பாவது கறுப்பாவது! அங்க எம் மவ...”

“இன்னும் இருபது செகண்டுதான் பாய்.”

மன்சூர் அலி ஆட்டோக் கம்பியில் ஓங்கிக் குத்தினார். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை அவருடையது. கால்மணி நேரத்துக்கு முன்தான் பக்கத்து வீட்டு நசீரின் போன் வந்தது. டியூஷனுக்குப் போன மகள் சஃப்ரீன் ரோட்டைக் கடந்தபோது, சிவப்பு சிக்னலில் நிற்காமல் வந்த பைக் ஒன்று இடித்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடியே வெளியே ஓடி வந்தார். பட்டறை வாசலிலேயே இந்த ஆட்டோ நின்றது. “ஆஸ்பத்திரி, ஜல்தி!” என்று ஏறி உட்கார்ந்தார்.

பச்சை விழுந்தது. ஆட்டோ நகர்ந்ததும், டிரைவர் பூலோகத்தின் தலைக்கு மேல் ஓர் அட்டை ஆடியது. அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள்.

“அது என்னவே, விளையாட்டுச் சாமானா?”

“ஞாயித்துக்கிழமை எங்க சால் குடியிருப்புல புள்ளைகளுக்கு ரோட்டு ரூல் சொல்லிக் குடுக்கேன் பாய்.”

“ஓ, வாத்தியாரோ! எம் மவ உசுருக்குப் போராடுதா, நீரு எனக்குப் பாடம் எடுக்கீரு!”

பூலோகத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது ஓய்வதற்குள் மன்சூர் அலியின் போன் அலறியது.

“பாய், நசீர் பேசுதேன். தலையில அடி. உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். உங்க கையெழுத்துக்காக நிக்காங்க. எங்க இருக்கீங்க?”

“வந்துட்டேன் நசீர், இந்தா வந்துட்டேன்.”

அடுத்த சிக்னலும் சிவப்பு. ஆட்டோ நின்றது. பக்கத்தில் நின்ற பைக் சர்ரென்று சீறிக்கொண்டு போனது.

“பாரும், அவன் போறாம்லா! உமக்கு மட்டும் என்ன கேடு?”

“இப்படித்தான் ஒருத்தன் போயிருக்கான் பாய். இன்னைக்கு அது போதும்.”

“அவன் மட்டும் சிக்கட்டும்! அவனைக்கூட விடும், சின்னப் பய. அவனைப் பெத்தவன் ஒருத்தன் இருப்பாம்லா? அவன் சட்டையைப் புடிச்சுக் கேக்கணும். செவப்புன்னா நிக்கணும்னு பெத்த புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கலையாலேன்னு கேக்கணும்!”

பச்சை விழுந்ததும் பூலோகம் ஆட்டோவை விரட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் மன்சூர் அலி குதித்தார். சட்டைப்பையில் கையை விட்டபடி மீட்டரைப் பார்த்தார். அதில் எண்ணே ஓடவில்லை.

“மீட்டரே போடலையா? எவ்வளவு வேணும், சீக்கிரம் சொல்லும்!”

“ஒண்ணும் வேண்டாம் பாய். ஓடுங்க.”

இரண்டடி ஓடியவர் சட்டென்று திரும்பினார்.

“ஏவே... எந்த ஆஸ்பத்திரின்னு நான் சொல்லவே இல்லையே?”

பூலோகம் இறங்கி, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றார்.

“இடிச்சவனே போன் பண்ணி, ஆஸ்பத்திரியையும் உங்க பட்டறையையும் சொன்னான் பாய், எம் மவன். மொதல்ல உள்ள போய்க் கையெழுத்துப் போடுங்க. அப்புறமா வந்து சட்டையைப் புடிங்க, இங்கதான் நிப்பேன்.”